இரண்டாவது அழைப்பு: டர்பன் டிரம்மர் ஒருவரின் தொழில் வாழ்க்கை

ரிக்கி ஃபத்தார் 1952 இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிறந்தவர். பன்னிரண்டு வயது வாக்கில் அண்ணன்மார் நடத்திய குழுவில் டிரம் செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தார். இருபது வயது நிறைவதற்குள் கலிஃபோர்னியாவின் பீச் பாய்ஸ் குழுவில் முழு உறுப்பினர். எழுபதை ஒட்டிய வயதிலும் பானி ரெய்ட் என்ற அமெரிக்கப் பாடகியின் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். இடையில் எத்தனையோ பேருடைய பாடல்களுக்குத் தாளம் கொடுத்திருக்கிறார். அந்தப் பாடல்களைக் கேட்டுத் தலையாட்டியவர்களில் பெரும்பாலோருக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது. செஷன் டிரம்மர் தொழிலின் இலக்கணமே அதுதான்: அழைத்தால் போக வேண்டும், அடுத்தவர் பாட்டை அன்றைக்கே தன் பாட்டுப்போல வாசித்துக் கொடுக்க வேண்டும், ஊதியத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும்.

ஃபத்தார் தமிழர் அல்லர். ஆனால் அவர் வளர்ந்த டர்பன், தென்னாப்பிரிக்கத் தமிழரான நம் முன்னோர் 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் வந்து இறங்கிய ஊர். 1911 வரை இந்தக் கரைக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1,52,000 பேருக்கு மேல். அவர்களில் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள் மிகுதி. வீட்டில் தமிழ் தேய்ந்துபோன குடும்பங்களிலும் மேளம் தேயவில்லை. தைப்பூசக் காவடிக்கு உறுமி அடிக்கிற பையனே சனிக்கிழமை இரவு கல்யாண மண்டபத்தில் டிரம் செட்டிலும் உட்காருகிறான். டிரம் சொல்லிக்கொடுக்கிற என்னிடம் அவனுடைய அம்மா கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “இதை வைத்துச் சோறு தின்ன முடியுமா, தம்பி?” ஆறுதலாக எதையாவது சொல்லி அனுப்புவதைவிட, ஒரு முழு வாழ்க்கையை எடுத்துப் பிரித்துப் பார்ப்பது மேல் என்று பட்டது.

கிரே தெருக் காலம்

அன்றைய டர்பனில் வெள்ளையர் அல்லாதவர்களின் நகரம் கிரே தெருவைச் சுற்றி இருந்தது. மசூதி, துணிக்கடைகள், சினிமாக் கொட்டகைகள், சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் அங்கேதான். விக்டோரியா தெருவில் பம்பி நாயுடு நடத்திய குட்வில் லவுஞ்ச் ஜாஸ் கேட்கப் பேர்போன இடம். எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்து 1950 இல் வந்த குழுப் பகுதிச் சட்டம், டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து நம் குடும்பங்களைப் பெயர்த்தெடுத்தது. 1960களில் அவர்களை இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் இறக்கியது. எந்த நிறத்தவர் எந்த மண்டபத்தில் உட்காரலாம், எவர் எவரோடு மேடையேறலாம் என்பதற்கெல்லாம் அதே பத்தாண்டில் கெடுபிடி இறுகியது. இசைக் குழுவுக்கு இதன் பொருள் எளிது. திறமை எவ்வளவு வளர்ந்தாலும் வாசிக்கக் கிடைக்கும் இடங்களின் எண்ணிக்கை வளராது.

இந்தச் சூழலில் 1963 இல் ஸ்டீவ் ஃபத்தார் தொடங்கிய குழு ஃபிளேம்ஸ். அவர் கிட்டார், தம்பிகளில் ஒருவர் பேஸ் கிட்டார், கடைசியாக வந்த ரிக்கி டிரம். பின்னர் பிளாண்டி சாப்ளின் என்ற இன்னொரு டர்பன் இளைஞர் பாடவும் கிட்டார் வாசிக்கவும் சேர்ந்தார். அவர்கள் பெரும்பாலும் வாசித்தவை அமெரிக்க சோல் பாடல்கள். 1968 இல் தென்னாப்பிரிக்காவில் அவர்களுக்குப் பெரும் வெற்றி தந்த பாடலும் பத்து ஆண்டுகளுக்கு முன் சிகாகோவின் இம்ப்ரஷன்ஸ் குழு பாடியதுதான்.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் என் வாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. அடுத்தவர் பாட்டை அப்படியே வாசிப்பதை நம்மவர்கள் குறைவாகப் பேசுவார்கள். ‘காப்பி அடிக்கிறான்’ என்பார்கள். ஆனால் பன்னிரண்டு வயதிலிருந்து வாரந்தோறும் அடுத்தவர் பாட்டில் டிரம் என்ன செய்கிறது, எங்கே சும்மா இருக்கிறது, பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் கை எப்படிக் குறைகிறது என்று காதால் கேட்டுக் கேட்டு வாசித்த பையன், பதினெட்டு வயதில் செஷன் வேலைக்குத் தேவையான முக்காலே மூன்று வீசத்தைக் கற்று முடித்திருப்பான். ஃபத்தாருக்கு இசைக் கல்லூரி அமையவில்லை. அமெரிக்க இசைத்தட்டுகளும், அவற்றைப் போலவே கேட்க வேண்டும் என்று காசு கொடுத்து வந்த கூட்டமும் அமைந்தன. கூட்டம் கண்டிப்பான வாத்தியார்.

லண்டனும் ஒரு கைக் காயமும்

1960களின் இறுதியில் குழு லண்டனுக்குப் போனது. அங்கே ஒரு கிளப்பில் அவர்கள் வாசித்ததைக் கேட்டவர்கள் பீச் பாய்ஸ் குழுவினர். அந்தக் குழுவின் கார்ல் வில்சன் டர்பன்காரர்களை அமெரிக்காவுக்கு அழைத்துப் போய், தங்கள் சொந்த நிறுவனமான பிரதர் ரெக்கார்ட்ஸ் மூலம் 1970 இல் ஓர் ஆல்பத்தைத் தானே தயாரித்து வெளியிட்டார். அமெரிக்காவில் வேறொரு குழுவோடு பெயர்க் குழப்பம் வரும் என்று ‘ஃபிளேம்ஸ்’ என்பதிலிருந்த பன்மையைக் கழற்றிவிட்டு ‘ஃபிளேம்’ ஆனார்கள். ஆல்பம் பெரிதாக ஓடவில்லை, குழு கலைந்தது.

இடையில் 1971 இல் பீச் பாய்ஸ் டிரம்மர் டென்னிஸ் வில்சன் கண்ணாடியில் கையைக் கிழித்துக்கொண்டார். நரம்பு வரை காயம். நெடுநாள் வாசிக்க முடியாத நிலை. 1972 இல் ஃபத்தாரும் சாப்ளினும் உறுப்பினர்களாகவே சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள்.

அதிர்ஷ்டம் என்று இதை ஒதுக்கிவிடுவது சுலபம். ஒருவருடைய காயம் இன்னொருவருக்குக் கதவு திறந்தது என்பது உண்மையும்கூட. மேடைக் கலையில் மாற்று ஆளாக நுழைவது புதிதல்ல. நம் கச்சேரி மேடைகளிலும் எத்தனையோ மிருதங்கக்காரர்கள் அப்படித்தான் வந்திருக்கிறார்கள். அதிர்ஷ்டம் தருவது ஓர் அழைப்பு மட்டும். அந்த ஓர் அழைப்பு நாற்பது, ஐம்பது ஆண்டாக நீண்டது எப்படி என்பதே ஆராய வேண்டிய விஷயம்.

அந்தக் குழுவில் அவர் டிரம்மோடு நிற்கவில்லை. ஸ்டீல் கிட்டார் வாசித்தார், பின்குரல் பாடினார், சாப்ளினோடு சேர்ந்து பாடல் எழுதினார். 1972 இல் நெதர்லாந்தில் பதிவான ‘ஹாலண்ட்’ ஆல்பத்தை இசைத்தட்டு நிறுவனம் முதலில் ஏற்க மறுத்தது. வானொலியில் ஓடக்கூடிய பாட்டு ஒன்று வேண்டும் என்றது. அதற்காகச் சேர்க்கப்பட்ட பாடல் ‘செயில் ஆன், செயிலர்’. முன்குரல் சாப்ளின், டிரம் ஃபத்தார். கலிஃபோர்னியக் கடற்கரையின் அடையாளமாக உலகம் கொண்டாடிய குழு, 1973 இல் ஒரு நிராகரிப்பிலிருந்து தப்பியது இந்தியப் பெருங்கடல் கரையில் வளர்ந்த ஒரு குரலாலும் இரண்டு கைகளாலும். டர்பனில் இதை யாரும் கல்வெட்டில் பொறித்து வைத்ததாக நான் பார்த்ததில்லை.

தகிடவில் ஓர் எழுத்தை விடுதல்

அந்தப் பாட்டின் தாளத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அது உருளுவது திஸ்ர நடையில். ஒவ்வொரு அடிக்குள்ளும் ‘தகிட’ என்று மூன்று எழுத்து. இப்போது நடுவிலிருக்கும் ‘கி’யை வாசிக்காமல் விட்டுப் பாருங்கள்: த–ட, த–ட, த–ட. மேற்கத்தியர் ஷஃபிள் என்பது இதைத்தான். ப்ளூஸ் பாட்டின் உயிர் இங்கே இருக்கிறது; ஜாஸ் டிரம்மர் ரைடு சிம்பல் என்ற பெரிய உலோகத் தட்டில் வாசிக்கும் ஓட்டமும் இதன் உறவுதான். இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் ஸ்நேர் டிரம்மில் ஓர் அடி விழுந்தால் ராக் ஆகிவிடும்.

வித்தை அந்த விட்டுவிட்ட ‘கி’யில் இருக்கிறது. கடைசி எழுத்தான ‘ட’ அடுத்த ‘த’வுக்கு எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்பதைப் பொறுத்துப் பாட்டின் குணமே மாறும். நெருக்கினால் துள்ளும், விலக்கினால் நேர்நடையாகத் தட்டைப்படும். மெதுவான பாட்டில் இடைவெளி தாராளமாக இருக்கும். வேகம் கூடக் கூட இடைவெளி சுருங்கி, ஜாஸில் மிக வேகமான பாடல்களில் கிட்டத்தட்ட நேர்நடையாகவே ஆகிவிடும். இதை எந்தத் தாளிலும் எழுதிக் காட்ட முடியாது. மிருதங்கப் பாடம் கேட்ட பிள்ளைகளுக்கு இதை விளக்கினால் பத்து நிமிடத்தில் கை பிடித்துவிடும். தாளப் புத்தகத்தை மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மாதங்கள் ஆகின்றன.

ராக் பதிவும் ஜாஸ் பதிவும் டிரம்மரிடம் கேட்பவை வேறு. ஜாஸில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் வாசிப்பது வழக்கம். காலத்தை ரைடு சிம்பல் தாங்கும், காலால் மிதிக்கும் பாஸ் டிரம் காதில் விழுந்தும் விழாததுமாக இருக்கும், தனி ஆவர்த்தனத்துக்கு டிரம்மர் பதில் சொல்லிக்கொண்டே போவார். ராக் பதிவில் பெரும்பாலும் டிரம்மை முதலில் பதிவு செய்து, மற்றவை அதன்மேல் அடுக்கடுக்காக ஏறும். காதில் காலம் காட்டும் ‘கிளிக்’ ஒலி ஓடிக்கொண்டிருக்கும். பாடகி எப்படிப் பாடப்போகிறாள் என்பதுகூட அந்த நேரத்தில் முழுதாகத் தெரியாது. அதாவது, இன்னும் வராத ஒரு குரலுக்கு இடம் விட்டு வாசிக்க வேண்டும். ஃபத்தாரின் பதிவுகளைக் கேட்கும்போது எனக்குத் திரும்பத் திரும்பப் படுவது இந்த இடம் விடும் குணம்தான். டாம் டிரம்களில் உருட்டிக்கொண்டு வந்து விழும் அலங்காரத்தை அவர் அபூர்வமாகவே செய்கிறார். செய்யும்போது பாட்டு அதைக் கேட்டிருக்கும்.

பெரிய குழுவை விட்ட முடிவு

1974 இன் இறுதியில் ஃபத்தார் பீச் பாய்ஸிலிருந்து விலகினார். சாப்ளின் ஓராண்டு முன்பே போய்விட்டார். வெளியிலிருந்து பார்த்தால் பைத்தியக்காரத்தனம். அந்த ஆண்டுதான் குழுவின் பழைய பாடல்களைத் தொகுத்து வெளியிட்ட ‘எண்ட்லெஸ் சம்மர்’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. கூட்டம் திரும்பி வந்தது, பணமும் வந்தது.

என் கணிப்பு வேறு. அந்த வெற்றிக்குப் பிறகு மேடையில் கூட்டம் கேட்டது 1960களின் பாடல்களை. அவற்றில் டர்பன் இளைஞர்களுக்குப் பங்கில்லை. தங்கியிருந்தால் சம்பளம் வந்திருக்கும், இருபத்திரண்டு வயதில் கை அங்கேயே உறைந்தும் போயிருக்கும். அவர் விலகியதற்கு என்ன காரணமாக இருந்தாலும், தொழில் என்ற கோணத்தில் அது இழப்பாக முடியவில்லை என்பதை அடுத்த பத்தாண்டுகள் காட்டுகின்றன.

அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1978 இல் பீட்டில்ஸ் குழுவைக் கிண்டல் செய்து ‘ரட்டில்ஸ்’ என்ற கற்பனைக் குழுவைப் பற்றிய தொலைக்காட்சிப் படம் வந்தது. நீல் இன்ஸ் பாடல்களை எழுதினார். ஜான் ஹால்சிதான் டிரம்மர். ஃபத்தாருக்குக் கிடைத்தது கிட்டார் வாசிக்கும் ‘ஸ்டிக்’ வேடம். படம் முழுக்கப் பேசாத ஆள். பதிவில் அவர் கிட்டார், பேஸ், சிதார், தபலா என்று பலவற்றை வாசித்தார். ஒரு டிரம்மரை டிரம் இல்லாத வேலைக்கு அழைக்கிறார்கள் என்றால், அழைத்தவர்கள் நம்பியது கையை அல்ல, காதை. 1980களில் ஆஸ்திரேலியாவில் தங்கித் தயாரிப்பாளராகவும் பணியாற்றினார். 1994 இல் அமெரிக்கப் பாடகர் பாஸ் ஸ்காக்ஸின் ஆல்பம் ஒன்றுக்கு இணைத் தயாரிப்பாளர். இவற்றை விரிக்கத் தேவையில்லை. வேலைக்கான வாசலை அவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதைக் காட்டினால் போதும்.

பானி ரெய்ட் விஷயத்தை மட்டும் விரித்துத்தான் ஆக வேண்டும். 1982 இல் வந்த அவரது ‘கிரீன் லைட்’ ஆல்பத்தில் ஃபத்தார் வாசித்தார். அது பெரிய வெற்றி அல்ல. அடுத்த சில ஆண்டுகளில் ரெய்ட் தன் இசைத்தட்டு நிறுவனத்தையே இழந்தார். 1989 இல் டான் வாஸ் தயாரித்த ‘நிக் ஆஃப் டைம்’ ஆல்பத்துக்கு மீண்டும் அழைப்பு வந்தது. 1990 இல் அது ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வென்றது. அமெரிக்காவில் ஐம்பது லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. அதன் பிறகு பேஸ் வாசிக்கும் ஹட்ச் ஹட்சின்சனும் ஃபத்தாரும் ரெய்ட்டின் தாளத்துக்கு நிலையான தூண்கள். 2022 ஆல்பத்திலும் அதே இருவர். முதல் பதிவுக்கும் இதற்கும் நாற்பது ஆண்டு இடைவெளி. தோற்ற ஆல்பத்தில் வாசித்தவரை வென்ற ஆல்பத்துக்கும் கூப்பிடுகிறார்கள். செஷன் டிரம்மரின் மதிப்பை அளக்க எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் இந்த இரண்டாவது அழைப்பு.

அதே லண்டனுக்கு வந்த இன்னொருவர்

எதிர்நிலைச் சான்று இல்லாமல் ஆய்வு நிற்காது. கேப் டவுனில் 1940 இல் பிறந்த லூயிஸ் மொஹோலோ, ப்ளூ நோட்ஸ் என்ற ஜாஸ் குழுவின் டிரம்மர். குழுவில் கறுப்பர்களும் ஒரு வெள்ளையரும் சேர்ந்து வாசித்தார்கள். அன்றைய சட்டத்தில் அதுவே குற்றத்துக்குப் பக்கம். 1964 இல் பிரான்சில் ஆண்டிப் ஜாஸ் விழாவுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. 1965 இல் லண்டன். ஃபத்தார் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னால் அதே நகரத்தில் இன்னொரு தென்னாப்பிரிக்க டிரம்மர்.

மொஹோலோ எடுத்த வழி முற்றிலும் வேறு. சுதந்திர ஜாஸில் அவர் டிரம் ஒரு தனிக் குரல். பாடகருக்கு இடம் விடுவது அதன் வேலையே அல்ல, மோதுவதும் எரிவதும் தூக்கிச் செல்வதும் வேலை. அவரைக் கூப்பிடுபவர் ‘மொஹோலோவைக்’ கூப்பிடுகிறார். பாட்டுக்கு ஒரு டிரம் வேண்டும் என்று கூப்பிடுவதில்லை. ஐரோப்பிய ஜாஸ் உலகம் அவரைக் கொண்டாடியது. 2005 இல் தாய்நாடு திரும்பி, 2025 ஜூனில் மறைந்தார்.

இருவரில் யார் பெரியவர் என்பது காபிக் கடைப் பேச்சு. ஆனால் பிள்ளையின் எதிர்காலம் பற்றிக் கேட்கும் பெற்றோருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். தனிக் குரலாக இருப்பவருக்குப் பெயர் கிடைக்கும், மாத வருமானம் எப்போது வரும் என்று தெரியாது. அடுத்தவர் பாட்டுக்குள் மறையத் தெரிந்தவருக்கு வருமானம் கொஞ்சம் சீராக இருக்கும், பெயர் கிடைக்காது. இரண்டையும் ஒரே பையனிடம் எதிர்பார்த்து வகுப்புக்கு அனுப்புகிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

சாட்ஸ்வொர்த்தில் இதற்கு என்ன வேலை

சாட்ஸ்வொர்த்தில் கல்யாண ஆர்கெஸ்ட்ராக்களில் நெடுங்காலம் டிரம் வாசித்த பெரியவர் ஒருவரிடம் ஃபத்தாரின் கதையைச் சொன்னேன். “அண்ணா, இவ்வளவு குறைவாக வாசித்து இவ்வளவு தூரம் போயிருக்கிறாரே?” என்றேன். அவர் சிரித்துவிட்டு, “குறைவாக வாசித்ததால்தான் தம்பி. பாடுகிற அம்மா வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் நான் கூடவே போக வேண்டும். நான் என் கைவரிசையைக் காட்டத் தொடங்கினால் அடுத்த கல்யாணத்துக்கு வேறு ஆளைச் சொல்லிவிடுவார்கள்” என்றார். பிறகு மேசை விளிம்பில் விரலால் தட்டி, பழைய சினிமாப் பாட்டு ஒன்றில் பல்லவி முடிந்து சரணம் எடுக்கும் இடத்தில் பாங்கோஸ் வாசித்ததை டிரம் செட்டுக்கு மாற்றிக் காட்டினார்: இடக்கை ஸ்நேரின் விளிம்பில் மெல்ல, வலக்கை மூடிய ஹை-ஹாட் சிம்பலில், கால் எதுவுமே செய்யாமல். பயிற்சி என்று பார்த்தால் ஃபிளேம்ஸில் ரிக்கிக்குக் கிடைத்ததும் இதுவும் ஒன்றுதான்.

பயிற்சி ஒன்று, வாசல் வேறு. தென்னாப்பிரிக்காவின் பதிவுத் தொழில் ஜோகன்னஸ்பர்கில் குவிந்தது. கேலோ போன்ற நிறுவனங்களின் கூடங்கள் அங்கே. நம் ஆர்கெஸ்ட்ரா டிரம்மர்கள் டர்பனிலேயே கல்யாணத்துக்கும் கோயில் விழாவுக்கும் வாசித்தார்கள், திங்கட்கிழமை தொழிற்சாலைக்குப் போனார்கள். 1983 இல் நேட்டால் பல்கலைக்கழகத்தில் டேரியஸ் புரூபெக் தொடங்கிய ஜாஸ் படிப்பு டர்பனுக்கு ஒரு புது வாசலைத் திறந்தது. ஆனால் சாட்ஸ்வொர்த் வீடுகளில் அன்று டிரம் படிப்புக்குக் கட்டணம் கட்டியவர்கள் மிகக் குறைவு. கணக்கர் படிப்புக்கு வரிசை நின்றது. அதைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை.

இன்று வாசல் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. நாலைந்து மைக், ஒரு கணினி, சத்தம் வெளியே போகாத ஓர் அறை இருந்தால் டர்பனின் ஃபீனிக்ஸில் உட்கார்ந்துகொண்டு சென்னையிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் பாட்டுக்கு டிரம் வாசித்து அனுப்பலாம். பணம்தான் இன்னும் பழைய கதை. செஷன் டிரம்மருக்கு வருவது பொதுவாக ஒரு முறை ஊதியம். டிரம் வாசிப்பைப் பாடலாசிரியர் பங்காக யாரும் எண்ணுவதில்லை. ஃபத்தாருக்கு அந்த ஊதியத்தோடு சுற்றுப்பயணச் சம்பளம், தயாரிப்பாளர் வேலை, பீச் பாய்ஸ் காலத்தில் எழுதிய பாடல்களில் ஆசிரியர் உரிமை என்று வேறு வழிகளும் இருந்தன. ஒரு வழி வறண்டபோது இன்னொன்று ஓடியது. டிரம் மட்டும் தெரிந்த பையனுக்கு அந்த வசதி இல்லை. ஆகையால் என் வகுப்பில் கீபோர்டில் நாலு கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடிக்கத் தெரியாதவனை அடுத்த நிலைக்கு ஏற்றுவதில்லை. பெற்றோர் முணுமுணுக்கிறார்கள்.

ஒலிபரப்புப் பங்கு என்று ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் இணைய வானொலி போன்ற டிஜிட்டல் ஒலிபரப்பு வருவாயில் 5 சதவீதம் முன்னணியில் இல்லாத பாடகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் என்று சட்டமே ஒதுக்குகிறது. தென்னாப்பிரிக்காவில் 2002 சட்டத் திருத்தங்களுக்குப் பிறகு, பதிவான இசை ஒலிபரப்பாகும்போது வாசித்த கலைஞருக்கும் பங்கு கேட்க வழி இருக்கிறது. வசூலித்துப் பிரிக்கச் சாம்ப்ரா என்ற அமைப்பு இருக்கிறது. பங்கு கேட்பவர் அந்தப் பாட்டில் தான் வாசித்ததைக் காட்ட வேண்டும். நம் டிரம்மர்கள் பணத்தை எண்ணி வாங்குகிறார்கள், காகிதம் கேட்பதில்லை. பாட்டின் பெயர், பாடியவர், தயாரித்தவர், தேதி, என்ன வாத்தியம், கீழே தயாரிப்பாளர் கையெழுத்து. பதிவு முடிந்து சிம்பல்களைப் பையில் வைப்பதற்கு முன்னால் இந்த ஒரு தாளை நிரப்பி வாங்கிக்கொண்டு வரச் சொல்லி, மாணவர்களுக்கு நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.